திரும்பிப் பார்த்தவன்

பாபநாசம் படித்துறையில் துணி பொறுக்குகிறவன் நான். மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஏழெட்டுப் பேர், கையில் கொக்கிக் கம்பும் சாக்கும். கருமாதிக்கும் பரிகாரத்துக்கும் வருகிறவர்கள் தாமிரபரணியில் விட்டுவிட்டுப் போகிற வேட்டி, சேலை, சட்டைகளை இழுத்துக் கரையில் போடுவோம். துணிதானே என்று நினைக்க வேண்டாம். நாலு நாள் ஊறி மணலை வாங்கிக்கொண்ட சேலையைப் பாறை இடுக்கிலிருந்து உருவ இரண்டு ஆள் வேண்டும். பருத்தியாவது மக்கும். பாலியெஸ்டர் மக்காது, மணலுக்கடியில் கிடந்து, குளிக்கிறவர்களின் காலைச் சுற்றும்.

வேலை முடிந்ததும் அதே ஆற்றில் விழுவோம். பொதிகையிலிருந்து இறங்கிய தண்ணீர் மேலில் பட்டதும் முதுகுவலி மறந்துபோகும். மருத மர நிழலில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்போம். ஒருநாள் எதிர்க்கரையில் நீர்நாய்கள் ஒன்றையொன்று துரத்தி விளையாடின. கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

எங்கள் குழுவில் பேச்சு என் பொறுப்பு. துணியோடு வருகிறவர்களை நிறுத்தி, தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையையும் வாங்குகிற ஆறு இது என்பேன். புன்னைக்காயலில் கடலைச் சேருமுன் எட்டு அணைக்கட்டுகளில் வயல்களுக்குப் பிரிகிறது, நெல்லையும் தூத்துக்குடியும் இதைத்தான் குடிக்கின்றன என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். கேட்காதவர்களிடம் குரலை உயர்த்துவேன். ஒருமுறை, புருஷனைப் பறிகொடுத்து வந்த ஒரு அம்மாவை, விட்ட சேலையை அவர் கையாலேயே எடுக்க வைத்தேன். “எங்களுக்கு இப்பிடித்தான்யா சொல்லி அனுப்புனாக” என்றார். ஈரச் சேலையைப் பிடித்தபடி அவர் நின்றதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

போன வருஷம் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் அதே படித்துறை. பெரியப்பா, அத்தான்மார், பங்காளிகள் என்று இருபது பேர். காரியம் முடிந்ததும் பெரியப்பா அப்பாவின் வேட்டியை என் கையில் கொடுத்தார். “ஆத்துல விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வாடே.”

ஒரு வாக்கியம் போதும். ‘வேண்டாம் பெரியப்பா, வீட்டுக்குக் கொண்டு போயிருதேன்.’ முன்பின் தெரியாதவர்களிடம் நூறு முறை சொன்னதுதான். அன்று நாக்கு எழவில்லை. அப்பாவுக்குக் குறை வைத்தான் என்று ஊர் சொல்லிவிடும் என்ற பயம் பாதி. மீதி, சொல்லவே கூசுகிறது: ஒருவேளை இதில் ஏதாவது இருந்துவிட்டால்? அப்பா அங்கே தவித்துப்போனால்? அந்த அம்மாவுக்கும் இதே பயம்தானே இருந்திருக்கும். அவரிடம் நான் அதைக் கேட்கவே இல்லையே.

விட்டேன். நாலு படி ஏறித் திரும்பிப் பார்த்தேன். வேட்டி காற்றை வாங்கிக் குமிழாக எழும்பி, பத்தடி தள்ளி ஒரு பாறையில் மாட்டிக்கொண்டது. இடுப்பளவுத் தண்ணீர். கொக்கிக் கம்புகூட வேண்டாம், கையாலேயே எடுத்திருக்கலாம். பெரியப்பா “வாடே” என்றார். போய்விட்டேன்.

அடுத்த முறை குழு கூடியபோது எங்களோடு வருகிற பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒரு வேட்டியை இழுத்துப் போட்டான். பச்சைக் கரை. மூலையில் சலவைக்காரர் போட்ட கறுப்பு மைக்குறி. எங்கள் வீட்டுக் குறி அது. “நல்ல வேட்டி அண்ணாச்சி. இதப் போய் யாரு விட்டிருப்பா?” என்றான். “எவனாவது படிச்ச முட்டாளா இருப்பான்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்பாவின் வேட்டியை மடித்துச் சாக்கில் திணித்தது நான்தான்.

வேட்டியை விட்டதைக்கூட துக்கத்தின் கணக்கில் எழுதிவிடலாம். அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் எழுத? என் தைரியம் வெளியூர்க்காரர்களிடம் மட்டும் செல்லுபடியாகிற தைரியம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதன்பிறகு பேச்சை நிறுத்திவிட்டேன். இப்போது சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் நிற்கிறேன். துணியோடு வருகிறவர்களிடம், “ஆத்துல நனைச்சு இதுல போட்டுட்டு, திரும்பிப் பாக்காமப் போங்கம்மா” என்கிறேன். சிலர் போடுகிறார்கள். சிலர் என்னைத் தாண்டிப் போய் ஆற்றில் விடுகிறார்கள். அவர்கள் படியேறிப் போன பிறகு இறங்கி எடுக்கிறேன். விட்டவர்கள் பார்க்கக் கூடாது என்பதுதானே முறை? எடுக்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த மாதம் அப்பாவுக்குத் தலைத்திவசம். பெரியப்பா புது வேட்டி எடுத்து வைத்திருக்கிறாராம். அவரிடம் இன்னும் நான் பேசவில்லை. அந்தப் பையனிடமும் சொல்லவில்லை. முதலில் அவனிடம் சொல்ல வேண்டும்.