தாத்தாவுக்குப் பிடித்த சுருட்டு எது? அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை ஒரு தேடல்!

"நேத்து ராத்திரி உங்க தாத்தா கனவுல வந்தாரு. 'எல்லாத்தையும் வெக்கிறீங்க, சுருட்டை மட்டும் மறந்துட்டீங்களே'ன்னு கேட்டாரு. இந்த வருஷம் வெச்சே ஆகணும்."

காலை டிபன் நேரத்தில் அப்பாயி இப்படிச் சொன்னதும், அப்பாவின் கை இட்லியோடு அப்படியே நின்றுவிட்டது. "அந்தக் கருமத்தை மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்துபோய்விட்டார்.

எங்கள் வீடு அம்பத்தூர் ஓ.டி-யில் இருக்கிறது. தெருவில் எல்லோரும் அப்பாவின் அம்மாவை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் லால்குடி பக்கத்துக்காரர்கள் என்பதால் எனக்கு அவர் அப்பாயி. தாத்தா 60-களின் கடைசியில் ஆவடி டேங்க் ஃபேக்டரி வேலைக்காக இங்கே வந்தவர், வெல்டர். ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து ஒரு சுருட்டு. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. என் சின்ன வயசு ஞாபகத்தில் தாத்தா என்றாலே அந்த வாசனைதான்.

2018-ல் அவருடைய இடது கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது. பல் குத்தியிருக்கும் என்றார். ஆறவில்லை. புற்றுநோய் என்று தெரிந்தபோது தாமதமாகியிருந்தது. மறு வருஷம் ஆகஸ்ட்டில் போய்விட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு நினைவு நாள் படையலிலும் கறிக்குழம்பு, மீன் வறுவல், வெற்றிலை பாக்கு எல்லாம் இருக்கும். ஒரு குவார்ட்டர் பாட்டிலுக்குக்கூட அனுமதி உண்டு. சுருட்டுக்கு மட்டும் கிடையாது. அது அப்பா போட்ட சட்டம்.

இந்த வருஷம் படையலுக்குச் சித்தப்பா துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். விஷயம் தெரிந்ததும் பெட்டியைத் திறந்து ஓர் அலுமினியக் குழாயை எடுத்தார். உள்ளே ஒற்றைச் சுருட்டு.

"க்யூபா! டியூட்டி ஃப்ரீல வாங்கினது. இந்த ஒண்ணே நம்ம காசுல ரெண்டாயிரத்துக்கு மேல. அப்பாவுக்கு உலகத்துலயே பெஸ்ட்டை வைப்போம்மா."

அப்பாயி வாங்கி மோந்து பார்த்தார். "வாசம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவருக்கு ஆகாதுடா. அவரு உறையூர்ச் சுருட்டு ஆளு." பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீதானே பத்திரிகைக்காரி. எங்க கிடைக்கும்னு விசாரிச்சு நீ வாங்கிட்டு வா."

காட்டம் வேறு, ருசி வேறு

ரிப்போர்ட்டர் புத்தி சும்மா இருக்காது. மறுநாள் ஆபீஸுக்குப் போகும்போது எலெக்ட்ரிக் ட்ரெயினிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டேன். அதுவரை எனக்குச் சுருட்டு என்றால் ஒரே பொருள்தான். அதற்குள் இவ்வளவு கணக்கு இருக்கும் என்று தெரியாது.

ஒரு சுருட்டில் மூன்று அடுக்கு. உள்ளே அடைக்கிற இலை, அதைக் கட்டிப் பிடிக்கிற இலை, மேலே போர்த்துகிற இலை. காட்டம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் இலையைப் பொறுத்தது. அதிலும், செடியில் அந்த இலை எந்த இடத்தில் இருந்தது என்பது முக்கியம். உச்சியில் நின்று வெயிலை முழுசாக வாங்கிய இலையில் நிகோடின் அதிகம், அதனால் காட்டமும் அதிகம். நடு இலையில் வாசனை. அடி இலை லேசானது, ஆனால் சீராக எரியும். க்யூபாக்காரர்கள் இவற்றை லிஹேரோ, செகோ, வொலாடோ என்கிறார்கள். எதை எவ்வளவு கலப்பது என்பதில்தான் ஒரு சுருட்டின் குணம் இருக்கிறது.

ருசி தனிக் கணக்கு. மேல் இலைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் துணிப் பந்தலுக்குக் கீழே நிழலில் வளரும் இலை வெளிர் பழுப்பாக இருக்கும், சுவை மென்மை. 'மதுரோ' என்ற கரும்பழுப்பு இலை கூடுதலாகப் புளிக்கவைக்கப்பட்டது. அதில் காபி, சாக்லேட் போல ஓர் இனிப்பு வாடை. டொமினிகன் குடியரசின் சுருட்டு பொதுவாக லேசானது, நிகரகுவா சுருட்டு மிளகு மாதிரி சுள்ளென்று இருக்கும் என்று பெயர். கறுப்பாக இருந்தால் காட்டம் என்று நினைப்பது தப்பு. இனிப்பான கறுப்புச் சுருட்டு லேசாகவும் இருக்கலாம், வெளுத்த சுருட்டு ஆளைச் சாய்க்கவும் செய்யலாம்.

நம் ஊர்க் கதையும் சின்னதில்லை. ஆங்கிலத்தில் 'செரூட்' என்ற சொல்லே நம்முடைய 'சுருட்டு' போனதுதான். திண்டுக்கல் பக்கம் விளைந்த புகையிலை, உறையூரில் சுருட்டாகி, கப்பலேறி இங்கிலாந்து வரை போயிருக்கிறது. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கீழே கிடக்கும் சாம்பலை வைத்தே கொலைகாரன் குடித்தது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். சிகாரின் ஒரு முனை மூடியிருக்கும், வெட்டித்தான் பற்றவைக்க வேண்டும். செரூட்டுக்கு இரண்டு முனையும் திறந்தே இருக்கும். அப்பாயி க்யூபா சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒரு பக்கம் அடைச்சிருக்கே" என்றது அதனால்தான்.

எல்லா வழிகாட்டிக் கட்டுரையிலும் கடைசியில் ஒரே அறிவுரை: 'புகையை உள்ளே இழுக்காதீர்கள், வாயில் வைத்து ருசித்துவிட்டு வெளியே விடுங்கள்.' இதே வார்த்தையைத் தாத்தா எத்தனை முறை சொல்லியிருப்பார்! "சிகரெட்டுதான் நெஞ்சுக்குக் கெடுதி. நான் வாயோட சரி." அந்த வரியை அன்றைக்குச் சாதாரணமாகக் கடந்துவிட்டேன்.

"சாமிக்கா, ஆளுக்கா?"

சனிக்கிழமை தேடல் தொடங்கியது. ஓ.டி பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் கேட்டதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சுருட்டா? உனக்காம்மா?" தாத்தாவின் படையலுக்கு என்றதும் முகம் மாறியது. "அதெல்லாம் இப்ப யார் குடிக்கிறா? நான் வாங்கிப் போடறதே இல்ல."

ஆவடி மார்க்கெட்டில் தாத்தா வழக்கமாக வாங்கிய வெற்றிலைக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் தொங்குகிறது. பக்கத்துக் கடைக்காரர்தான் வழி சொன்னார். "பூந்தமல்லி போம்மா. நாட்டு மருந்துக் கடையில கேளு, பூஜைக்கு வெச்சிருப்பாங்க."

பூந்தமல்லியில் மூன்றாவது கடையில் கிடைத்தது. கடைக்காரப் பெரியவர் கேட்ட முதல் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"சாமிக்கா, ஆளுக்கா?"

"ஆளுக்குதான்யா. இறந்துபோன தாத்தாவுக்கு."

"அப்ப பார்த்துத்தான் எடுக்கணும். முனீஸ்வரனுக்குன்னா இந்தக் கட்டுல எதைக் கொடுத்தாலும் வாங்கிட்டுப் போயிடுவாங்க. சாமி குறை சொல்லாது. ஆளுன்னா அவர் என்ன குடிச்சார்னு தெரியணும்ல?"

சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் பாடிகாட் முனீஸ்வரன் கோயிலில் சுருட்டுப் படைப்பதைப் பார்த்திருக்கிறேன். சாமிக்கும் ஆளுக்கும் இடையில் இப்படி ஒரு வித்தியாசம் இருப்பது எனக்குப் புதுசு.

பெரியவர் இரண்டு டப்பாவைத் திறந்து வைத்தார். "தடியா, மெலிசா? காட்டமா, லேசா?" எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. ட்ரெயினில் நான் படித்த லிஹேரோவும் மதுரோவும் அங்கே உதவவில்லை. அப்பாயிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சுண்டு விரல் தடிதான் இருக்கும். நிறம் ரொம்பக் கறுப்பு வேணாம், செம்மண் கலர். பத்தவைக்காம மோந்தா வெல்லம் வெச்ச டப்பா மாதிரி இருக்கணும். காட்டம் நடுத்தரம். கல்யாணமான புதுசுல யாரோ கொடுத்தாங்கன்னு வெறும் வயித்துல காட்டச் சுருட்டைக் குடிச்சிட்டு, வாந்தி எடுத்து மயங்கி விழுந்தாரு. அதுலேருந்து காட்டத்தைத் தொடமாட்டாரு, சாப்பிடாமலும் குடிக்கமாட்டாரு."

பெரியவர் சிரித்தார். "அம்மாவுக்கு எல்லாம் தெரியுது" என்று ஒரு டப்பாவை ஒதுக்கிவிட்டு, இன்னொன்றிலிருந்து மூன்றை எடுத்துக் கொடுத்தார். முப்பது ரூபாய். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்த ஒருவரின் ருசியை, ஒரு நாளும் சுருட்டைத் தொடாத அப்பாயி போனிலேயே சொல்லி முடித்துவிட்டார்.

மொட்டை மாடியில் அப்பா

அன்று ராத்திரி அப்பா மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். வாங்கிவந்ததைச் சொல்லாமல் மறைக்க மனசு வரவில்லை. சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஆறாவது படிக்கும்போதிலிருந்து நான்தான் அவருக்கு வாங்கிட்டு வருவேன், தெரியுமா? எதை எடுக்கணும், எதைத் தள்ளணும்னு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நான் வாங்கிட்டு வந்தா தப்பே இருக்காதுன்னு தெருவெல்லாம் சொல்லுவார். எனக்கும் பெருமையா இருக்கும்."

18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்ற சட்டம் 2003-ல்தான் வந்தது. அப்பாவின் காலத்தில் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புவது சகஜம்.

"ஆஸ்பத்திரியில ஒவ்வொரு தடவையும் டாக்டர்கிட்ட ஒண்ணையே கேப்பாரு. 'நான் புகையை உள்ளயே இழுக்கலையே, எனக்கு ஏன் வந்துச்சு?' எனக்குக் கோவமா வரும். நம்மகிட்ட மறைச்சு இழுத்திருப்பார், இப்பவும் பொய் சொல்றார்னு நினைச்சேன். ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டுட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு நாள் என்கிட்ட பேசலை."

நான் ட்ரெயினில் கடந்துபோன வரி அப்போதுதான் உறைத்தது. அன்றிரவே உட்கார்ந்து தேடிப் படித்தேன். சிகரெட் புகை போல இல்லாமல், சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. அதனால் நிகோடின் நுரையீரல் வரை போக வேண்டியதே இல்லை. வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். உள்ளே இழுக்காதவரும் அடிமையாவது அப்படித்தான். புற்றுநோயை உண்டாக்கும் நச்சுகள் வாய், நாக்கு, தொண்டை எல்லாவற்றிலும் படும். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் கணக்குப்படி, ஒரு சிகரெட்டில் 1 கிராமுக்கும் குறைவான புகையிலைதான் இருக்கும். பெரிய சிகார் ஒன்றில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கலாம். சிலவற்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் மொத்தப் புகையிலையும் அடங்கிவிடும். விலை உயர்ந்ததா, லேசானதா, கையால் சுருட்டியதா என்பதெல்லாம் இந்த விஷயத்தில் ஒரு பாதுகாப்பும் தராது.

காலையில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப அவர் பொய் சொல்லலையா?" என்றார்.

"இல்லப்பா. அவருக்குத் தெரியலை. உள்ள இழுக்கலைன்னா ஒண்ணும் ஆகாதுன்னு நம்பியிருக்கார்."

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

படையல் அன்று

இலை போட்டு எல்லாம் வைத்தாயிற்று. அப்பாயி தயங்கித் தயங்கி மூன்று சுருட்டையும் கொண்டுவந்தார். அப்பா கையை நீட்டி வாங்கினார். ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்து, இரண்டு விரலுக்கு இடையில் மெல்ல உருட்டினார். முதலாவது நொறுநொறுவென்று சத்தம் போட்டது. "இது காஞ்சுபோச்சு." இரண்டாவதின் முனையை மோந்துவிட்டுத் தள்ளிவைத்தார். மூன்றாவதைக் கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தார்.

"இதை வைங்கம்மா. இதுதான் எடுப்பார்."

சித்தப்பா தன் பங்குக்கு க்யூபா சுருட்டையும் இலை ஓரத்தில் வைத்தார். யாரும் எதையும் பற்றவைக்கவில்லை. கற்பூரம் காட்டினோம்.

சாப்பிட்டு முடித்ததும் அடுத்த பிரச்னை. படைத்த சுருட்டை என்ன செய்வது? சித்தப்பாவின் கண் அலுமினியக் குழாய் மேலேயே இருந்தது. அப்பாயி நான்கையும் அள்ளிக்கொண்டு போய், பிய்த்துப் பழைய பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் போட்டார்.

"அம்மா! அது ரெண்டாயிரம் ரூபாம்மா!"

"செம்பருத்தியெல்லாம் அசுவினி மொய்க்குதுடா. புகையிலைத் தண்ணி தெளிச்சா போயிடும். பூச்சிக்கு க்யூபா என்ன, உறையூர் என்ன?"

மறுநாள் வடிகட்டி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்து அப்பாதான் தெளித்தார். கைக்கு உறை போட்டுக்கொண்டார், என்னைக் கிட்டே வர விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தேன். கொழுந்தில் ஒரு பூச்சிகூட இல்லை. அப்பாவும் பார்த்தார்.

"அடுத்த வருஷம் ஒண்ணு வாங்கினா போதும். நானே போய் எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, மற்ற செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.