இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பி வா

விலங்காக மாறும் பிள்ளைகளின் கதை என்றால் யாருக்கும் முதலில் குஷிதான் தோன்றும். பறக்கலாம், பாயலாம், ஈயாக மாறி ஆசிரியர்கள் அறைக்குள் போய் ஒட்டுக் கேட்கலாம்! அனிமார்ஃப்ஸ் புத்தகங்களின் அட்டையும் அப்படித்தான் ஆசை காட்டும். முதல் புத்தகத்தில் ஒரு பையன் படிப்படியாகப் பல்லியாகிக் கொண்டிருப்பான். பக்கங்களின் மூலையைச் சரசரவென்று புரட்டினால் அங்கேயும் ஒரு குட்டி சினிமா ஓடும். நானும் அந்த வேடிக்கைக்காகத்தான் பழைய புத்தகக் கடையில் ஒன்றை எடுத்தேன். உள்ளே இருந்தது வேறு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கே. ஏ. ஆப்பிள்கேட் என்ற அமெரிக்க எழுத்தாளர், கணவர் மைக்கேல் கிராண்டோடு சேர்ந்து உருவாக்கிய தொடர் இது. ஸ்காலஸ்டிக் நிறுவனம் 1996 முதல் 2001 வரை 54 புத்தகங்களாக வெளியிட்டது. (துணைப் புத்தகங்கள் தனி.) ஜேக், ரேச்சல், டோபியாஸ், காஸி, மார்கோ என்று ஐந்து நண்பர்கள். யீர்க் என்னும் நத்தை போன்ற வேற்றுக்கிரக உயிர்கள் காது வழியாக மனிதர்களின் மூளைக்குள் புகுந்து ஆட்டிப் படைக்கின்றன. சாகக் கிடக்கும் ஒரு ஆண்டலைட் வீரன் இந்த ஐவருக்கும் ஒரு சக்தியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரு விலங்கைத் தொட்டால் அதன் மரபணு உடம்பில் சேர்ந்துவிடும். பிறகு நினைத்தபோது அதுவாக மாறலாம். ஆக்ஸ் என்ற இன்னொரு ஆண்டலைட் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறான். மந்திரம் என்று சொல்லாமல் விஞ்ஞானம் என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு மணி நேரத்துக்குள் மனித உருவுக்குத் திரும்ப வேண்டும். தவறினால் ஆயுள் முழுக்க அந்த விலங்குதான்.

இந்த மாதிரி நிபந்தனைகள் எல்லாக் கதையிலும் உண்டு. கடைசி நிமிடத்தில் எல்லோரும் தப்பித்துவிடுவார்கள் என்றும் நமக்குத் தெரியும். இங்கே முதல் புத்தகம் முடிவதற்குள்ளேயே டோபியாஸ் மாட்டிக்கொள்கிறான். சிவப்பு வால் பருந்தின் உடம்பில். அடுத்த புத்தகத்தில் யாராவது காப்பாற்றுவார்கள் என்று பார்த்தால், மூன்றாவதில் அவன் ஒரு எலியைக் கொன்று தின்கிறான். தின்ற பிறகு தன்னை நினைத்தே நடுங்குகிறான். ஒன்பது வயது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகம் இது!

நம் ஊரில் கூடு விட்டுக் கூடு பாய்வது புதிய விஷயமல்ல. மேய்ப்பன் மூலனின் உடம்பில் புகுந்த திருமூலர், தன் பழைய உடலைத் தேடியும் கிடைக்காமல் அங்கேயே தங்கிவிட்டார் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனால் சித்தருக்கு மனம் அவருடையதாகவே இருந்தது. ஆப்பிள்கேட் இங்கேதான் ஒரு விஷயத்தைச் சேர்க்கிறார்: உடம்போடு விலங்கின் மனமும் வந்துவிடும். ஜேக் பல்லியாகும்போது, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே ஒரு சிலந்தியை விழுங்கிவிடுகிறான். டால்பினாகும்போது விளையாட்டு தவிர வேறெதுவும் தோன்றாத சந்தோஷம். ஐந்தாவது புத்தகத்தில் எறும்பாகிறார்கள். அங்கே 'நான்' என்பதே இல்லை; கூட்டம் மட்டும்தான். அந்தப் பக்கங்களைப் படித்த அன்று சமையலறைச் சுவரோரம் போன எறும்பு வரிசையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டோபியாஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்தவன் அவன்தான். மனிதனாக இருந்தபோது அவனை யாருக்கும் வேண்டாம். சித்தப்பா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் பந்தாடப்பட்டவன். 13ஆவது புத்தகத்தில் உருமாறும் சக்தி அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது. தன் பழைய மனித உருவத்தையும் எடுக்கலாம். இரண்டு மணி நேரம் தாண்டி அதிலேயே இருந்துவிட்டால் பழையபடி பையன். ஆனால் மறுபடி மாற முடியாது, பறக்கவும் முடியாது, நண்பர்களோடு சண்டைக்கும் போக முடியாது. அவன் பருந்தாகவே இருக்கிறான். அது தியாகமா, அல்லது முதல் நாளே அவனுக்கு உள்ளுக்குள் வீடு திரும்ப மனமில்லையா? புத்தகம் பிடி கொடுத்துப் பேசவில்லை. எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

எல்லாப் புத்தகமும் இந்தத் தரம் என்று சொல்லமாட்டேன். 25க்குப் பிறகு பெரும்பாலானவற்றை ஆப்பிள்கேட் கதைச் சுருக்கம் கொடுக்க வேறு எழுத்தாளர்கள் எழுதினார்கள். நடுவில் சிலது சவசவ. தாண்டிப் போகலாம்.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். பன்னிரண்டு வயதான என் தம்பி இந்தத் தொடரில் 50ஐத் தாண்டிவிட்டான். அவனுக்குப் பிடித்தவள் ரேச்சல். கரடியாக மாறி முன்னால் பாய்கிறவள். 54ஆவது புத்தகத்தின் தொடக்கத்திலேயே அவள் செத்துப்போகிறாள். அவளை அந்த வேலைக்கு அனுப்பியவன் ஜேக். யீர்க்கின் பிடியில் இருக்கும் தன் சொந்த அண்ணன் டாமைக் கொல்லத்தான் அனுப்பினான். அதே போரில், எதிர்க்க வழியில்லாமல் கிடந்த 17,000க்கும் மேற்பட்ட யீர்க்குகளை விண்வெளியில் கொட்டவைத்ததும் அவன்தான். ஜெயித்த பிறகு அவனால் தூங்க முடியவில்லை. டோபியாஸ் யாரோடும் பேசாமல் காட்டுக்குப் போய்விடுகிறான்.

"இதையெல்லாமா சின்னப் பையன் படிக்கணும்? கடைசிப் புத்தகத்தை ஒளிச்சு வச்சிடு" என்கிறார் அம்மா. அம்மா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2001இல் வெளிவந்தபோதே வாசகர்கள் கொதித்துப்போனார்கள். ஆப்பிள்கேட் பதில் கடிதமே எழுதினார்: போர்கள் கொண்டாட்டத்தில் முடிவதில்லை, ஜெயித்தவர்களும் உடைந்துதான் வீடு திரும்புகிறார்கள், அதை மறைத்து எழுத என்னால் முடியாது என்ற பொருளில்.

நான் அவர் கட்சி. தம்பி விளையாடும் வீடியோ கேம்களில் ஒரு மணி நேரத்தில் நூறு பேர் சாகிறார்கள். அதற்காக வீட்டில் ஒருவரும் கலங்கியதில்லை. 53 புத்தகம் கூடவே வந்த ஒருத்தி சாகும்போது அவன் அழுதால், அது அவனுக்குக் கெடுதல் என்று எப்படிச் சொல்வது? ரேச்சலை உயிரோடு வைத்திருந்தால் அந்த 53 புத்தகத்தின் பயமும் பொய்யாகியிருக்கும். டோபியாஸ் தின்ற எலியும் வெறும் வேடிக்கையாகியிருக்கும்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பார்த்தேன். முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் படிக்கிறப்ப நீ பக்கத்துல இரு" என்று மட்டும் சொன்னார். இந்த வாரம் 51 ஓடிக்கொண்டிருக்கிறது.