முதல் வரிசைக்கு மட்டுமா ஆட்டம்?

ஆண்டு விழா நெருங்கிவிட்டால் கொரட்டூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு பள்ளியிலிருந்து ஸ்பீக்கர் சத்தம் கேட்கும். நான்கு நிமிடச் சினிமாப் பாட்டு ஒன்றுக்கு வாரக்கணக்கில் ஒத்திகை. நன்றாக ஆடுகிற பிள்ளை முதல் வரிசையில் நிற்கும். கால் தடுமாறுகிற பிள்ளை கடைசியில், இல்லையென்றால் மேடைக்கே வராது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தே வயசானவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், இது நாட்டிய வகுப்பு ஆகாது.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பரதநாட்டிய அரைமண்டியில் உட்காரவைக்க என்ன அவசரம்? முதலில் தாளம் வரட்டும். 'தகிட' என்றால் மூன்று, 'தகதிமி' என்றால் நான்கு. வாய் சொல்ல, கை தட்ட, கால் மிதிக்க, மூன்றும் ஒன்றாக விழுகிற வரைக்கும் அதுவே பாடம். பிறகு கும்மி. அதற்குப் பிறகு கோலாட்டம். குச்சி வாங்கப் பணமில்லை என்று எந்தப் பள்ளியும் சொல்ல வேண்டாம். பழைய செய்தித்தாளை இறுகச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்டு போட்டால் குச்சி தயார். விரலில் பட்டாலும் வலிக்காது. கோலாட்டத்தில் எதிரில் நிற்பவரைப் பார்க்காமல் ஆடவே முடியாது. தான் மட்டும் வேகமாகப் போகிற பிள்ளையின் குச்சி காற்றில்தான் வீசும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், எட்டாவது தட்டில் கச்சிதமாகத் திரும்பி அடுத்த ஜோடியோடு சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவனுக்கு வந்த சிரிப்பு எந்த மேடைக் கைதட்டலுக்கும் குறைந்ததில்லை.

அமெரிக்காவில் 2014-ல் கலைக்கல்விக்கு ஒரு வரையறை கொண்டுவந்தார்கள். பிள்ளை தானாக ஒன்றைப் படைக்க வேண்டும், அதை ஆடிக்காட்ட வேண்டும், பிறர் ஆடுவதைப் பார்த்து உணர்ந்து சொல்ல வேண்டும், தன் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் ஆண்டு விழாவில் இரண்டாவது மட்டும்தான் நடக்கிறது. மற்ற மூன்றுக்கும் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். கொரட்டூர் ஏரியில் கொக்கு எப்படிக் கால் வைக்கிறது, மீனைக் கண்டால் கழுத்து என்ன ஆகிறது என்று கேளுங்கள். எட்டு எண்ணிக்கைக்குள் ஆளுக்கொரு அசைவு செய்யட்டும். மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்து, என்ன தெரிந்தது என்று சொல்லட்டும்.

நம் ஊரில் வழி இல்லாமல் இல்லை. 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தால் அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்குள் ஆடலும் பாடலும் பாடம் நடத்தும் முறையாகவே வந்துவிட்டன. பள்ளிக்கு வெளியே, ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் நாட்டியம் கற்கிறார்கள். அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழாவும் நடக்கிறது. ஆனால் அந்தத் திருவிழாப் போட்டிகளுக்குப் போவது சிலர்தான். வகுப்பறையில் இருப்பது எல்லாப் பிள்ளைகளும்.

ஆசிரியர்களே, வாரத்துக்கு ஒரு பாடவேளையாவது பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லாரையும் ஆடவிடுங்கள். பெற்றோர்களே, "உன்னை முதல் வரிசையில் நிறுத்தினார்களா?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு என்ன ஆடினாய்? எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள்.