முதல் பட்டதாரியா?

எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வி. உங்க அப்பா திடீர்னு ஒருநாள் உங்க காலேஜுக்குள்ள வந்து நின்னா என்ன பண்ணுவீங்க? நீங்க கேன்டீன்ல கேங்கோட உட்கார்ந்திருக்கீங்க. அவர் வேட்டி கட்டி, தோள்ல துண்டு போட்டு, கையில மஞ்சப் பையோட தேடிக்கிட்டு வர்றார். ஓடிப் போய்க் கூட்டிட்டு வருவீங்களா, இல்ல, தூணுக்குப் பின்னால நைஸா ஒதுங்கிடுவீங்களா?

பதிலை மனசுக்குள்ளயே வெச்சுக்கங்க. அதுக்குள்ள நாம விழுப்புரத்துல இருந்து திண்டிவனம் வரைக்கும் ஒரு ரயில் பயணம் போயிட்டு வந்துடலாம். சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனா எனக்கு அது 34 வருஷ தூரம்!

2025 ஜூன். திண்டிவனம் திரு ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியில் என் மகளுக்குக் கலந்தாய்வு. 1991-ல் நான் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்த அதே காலேஜ், அதே டிபார்ட்மென்ட். விழுப்புரத்திலேயே அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கு. ஆனா ஆன்லைன் விண்ணப்பத்தில் அவ முதல் விருப்பமா போட்டது திண்டிவனத்தை. "ஏம்மா?"ன்னு கேட்டேன். "நீங்க படிச்ச காலேஜ் தானேப்பா"ன்னா. எனக்கு அப்படியே உச்சி குளிர்ந்துபோச்சு. அவளோட பெஸ்ட் ஃப்ரெண்டும் அதையேதான் போட்டிருக்கான்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது!

விழுப்புரம் ஜங்ஷன்ல நின்னா சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடின்னு அஞ்சு பக்கமும் தண்டவாளம் பிரியும். எங்க வண்டி சென்னைப் பக்கம் கிளம்புச்சு. முதல்ல முண்டியம்பாக்கம். என் காலத்தில் அந்த ஊர்னா கரும்பு ஆலைதான். 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபிறகு, வெள்ளை கோட்டு போட்ட பசங்களும் அந்த ஊருக்கு அடையாளம் ஆயிட்டாங்க. அப்புறம் விக்கிரவாண்டி, பேரணி, மயிலம். நான் படிக்கும்போது இதெல்லாம் மீட்டர் கேஜ். மயிலம் பக்கத்துல ஒரு கிராமம்தான் எனக்குச் சொந்த ஊர்.

ஜன்னலோரம் உட்கார்ந்து மகளுக்குக் கதை சொல்ல ஆரம்பிச்சேன். "நான் சேரும்போது இது தென்னாற்காடு மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் வேலைன்னா கடலூருக்கு ஓடணும். மூணாம் வருஷம் படிக்கும்போது, 1993 செப்டம்பர் 30-ல், மாவட்டத்தை ரெண்டாப் பிரிச்சு எங்களை விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம் ஆக்குனாங்க. 1997-ல் தலைவர்கள் பேரை எடுத்ததும் வெறும் விழுப்புரம் மாவட்டம் ஆச்சு."

காதுல இருந்து ஒரு இயர்போனைக் கழட்டினா. நல்ல அறிகுறி! தொடர்ந்தேன்.

"என் டிகிரியில சென்னைப் பல்கலைக்கழகம்னு இருக்கும். 2002-ல் வேலூர்ல திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும் காலேஜ் அதுக்குக் கீழே போச்சு. 2021-ல் விழுப்புரத்துக்குன்னே ஜெயலலிதா பேர்ல ஒரு பல்கலைக்கழகம்னு சட்டம் வந்துச்சு. அதே வருஷம் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட இணைச்சுட்டாங்க. உன் சர்டிஃபிகேட்ல அண்ணாமலைதான் இருக்கும்."

"அப்ப காலேஜ் மட்டும் நகரவே இல்ல. மத்ததெல்லாம் நகர்ந்துடுச்சு"ன்னா. கரெக்ட்!

அந்தக் காலேஜோட பேரையும் கொஞ்சம் கவனிங்க ஃப்ரெண்ட்ஸ். ஆ.கோவிந்தசாமி இந்தப் பகுதி விவசாயிகளோட தலைவர். 1967-ல் அண்ணா அமைச்சரவையில் வேளாண் அமைச்சர் ஆனவர், 1969-ல் மறைஞ்சவர். 2025 ஜனவரியில் விழுப்புரத்துல அவருக்கு நினைவு அரங்கமும் திறந்திருக்காங்க. விவசாயத் தலைவர் பேர் வெச்ச காலேஜுக்கு விவசாயி வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் வந்தோம். நானும் அப்படி வந்தவன்தான்.

இப்ப என் அப்பாவைப் பத்திச் சொல்லணும். நாங்க 'நைனா'ன்னு கூப்பிடுவோம். மல்லாட்டை விவசாயி. மல்லாட்டைன்னா வேர்க்கடலைதான், எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம். நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா மூணு இங்கிலீஷ் எழுத்தை மட்டும் எங்க பார்த்தாலும் அடையாளம் சொல்லிடுவாரு. டி.எம்.வி! விதை மூட்டையில பார்த்துப் பார்த்துப் பழகினது. அது என்னன்னு கேட்கறீங்களா? திண்டிவனத்தோட சுருக்கம்தான். இங்க இருக்கற எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்துல உருவான கடலை ரகங்களுக்கு இந்தப் பேர்தான் வெப்பாங்க. 1940-ல் வெளியான டி.எம்.வி. 2 ரகம் ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் போய்ச் சக்கைப்போடு போட்டுச்சு. நம்ம திண்டிவனம் ரயில் நிலையத்தோட கோடும் டி.எம்.வி.தான்!

1991-ல் அட்மிஷனுக்கு நைனாவும் என்கூட வந்தாரு. மயிலத்துல ரயில் ஏறி, திண்டிவனத்துல இறங்கி, ஆபீஸ் வாசல்ல க்யூவுல நின்னோம். ஃபாரத்துல கடைசியா ஒரு கட்டம். 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்.' நைனா இடது கைக் கட்டைவிரலை நீட்டினாரு. மேஜை மேல இருந்த மை டப்பாவைத் தள்ளிக் கொடுத்தாங்க. அழுத்தி ஒரு உருட்டு உருட்டி ரேகையை வெச்சுட்டு, விரலை வேட்டியிலேயே துடைச்சுக்கிட்டாரு.

நான் மெதுவா நாலடி தள்ளிப்போய் நின்னுக்கிட்டேன். க்யூவுல அப்பத்தான் ஃப்ரெண்டான ஒருத்தன் கேட்டான்: "யாருடா அது, உங்க அப்பாவா?"

"இல்லடா... எங்க ஊர்க்காரரு."

ஆமாங்க, அப்படித்தான் சொன்னேன். அப்புறம் "நைனா, நீ வெளிய போய் உக்காரு"ன்னு அனுப்பிட்டேன். கேட்டுக்கு வெளியே மர நிழல்ல மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாரு. எல்லாம் முடிச்சு நான் வந்ததும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு சிரிச்சாரு. "ஏம்ப்பா, பசிக்குது. ஊர்க்காரருக்கு ஒரு டீ வாங்கிக் குடு."

காதுல விழுந்திருக்கு! டீக்கடை வரைக்கும் நான் தலையை நிமிர்த்தவே இல்ல. அதுக்கப்புறம் அவர் அதைப் பத்திப் பேசினதே இல்ல. மூணு வருஷமும் மல்லாட்டை வித்த காசுதான் எனக்கு ஃபீஸ், புஸ்தகம், ரயில் சீசன் டிக்கெட் எல்லாமே. 2008-ல் போய்ச் சேர்ந்துட்டாரு. ஒரு ஸாரி கேட்க எனக்கு 17 வருஷம் இருந்துச்சு. கேட்கலை.

சரி, 2025-க்கு வருவோம். கேட்டுக்கிட்ட வந்ததும் மகளோட நடை வேகமாச்சு. எனக்கும் அவளுக்கும் நடுவுல நாலடி. அதே நாலடி! 'வாங்குடா மவனே'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

எங்களுக்கு முன்னால ஒரு அம்மாவும் பொண்ணும். வேலைக்குப் போற வழியில வந்தவங்க மாதிரி இருந்தாங்க. ஃபாரத்தைப் பார்த்து மேஜையில இருந்தவர் கேட்டாரு: "முதல் பட்டதாரியா?" அந்தப் பொண்ணு "ஆமா சார்"னு மெதுவா சொல்லிட்டு சுத்திமுத்திப் பார்த்தா. அந்தப் பார்வை எனக்கு நல்லாத் தெரியும். அந்த அம்மா பேனாவை இறுக்கிப் பிடிச்சு, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட ஆரம்பிச்சாங்க. பேப்பர் நழுவிக்கிட்டே இருந்துச்சு. க்யூவுல பின்னால ஒரே முணுமுணுப்பு. என் மக தன்னோட பரீட்சை அட்டையை நீட்டி, "ஆன்ட்டி, இதுமேல வெச்சுப் போடுங்க. அவசரமே இல்ல"ன்னா.

நான் சொல்லிக் கொடுக்கலை. அவளாச் செஞ்சது.

அடுத்து எங்க முறை. "முதல் பட்டதாரியா?" "இல்ல சார். அப்பா இங்கதான் படிச்சாங்க"ன்னு திரும்பி என்னைக் கைகாட்டினா. நாலடியும் காணாமப் போச்சு!

இன்ஜினீயரிங் மாதிரி தொழிற்படிப்புகள்ல முதல் பட்டதாரிக்கு 2010-ல் இருந்து கட்டணச் சலுகை உண்டு. அதனால இந்தக் கேள்வி உங்கள்ல நிறைய பேருக்குப் பழக்கமானதுதான். 'ஆம்'னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. அதைத் தலை குனிஞ்சு சொல்லாதீங்க. உங்க வீட்டுல யாரோ ரேகை வெச்சோ, எழுத்துக் கூட்டியோ திறந்துவிட்ட கதவு அது. என் மகளோட 'இல்லை'க்குப் பின்னால எங்க நைனாவோட கட்டைவிரல் இருக்கு. ஒரு சின்ன ஊர் அரசுக் கல்லூரி என்ன சாதிச்சுதுன்னு யாராவது கேட்டா, நான் இதைத்தான் சொல்வேன். 'ஆம்' ஒரே தலைமுறையில 'இல்லை' ஆச்சு பாருங்க, அதுதான் சாதனை!

திரும்பி வரும்போது ரயில்ல மகள்கிட்ட முழுக் கதையையும் சொல்லிட்டேன், 'ஊர்க்காரர்' உட்பட. விக்கிரவாண்டி வரைக்கும் அவ பேசவே இல்ல. அப்புறம் கேட்டா: "தாத்தா ரேகை வெச்ச அந்த ஃபாரம் இன்னும் ஆபீஸ்ல இருக்குமாப்பா?"

எனக்குத் தெரியலை. காலேஜ் திறந்ததும் அவளே விசாரிக்கறேன்னு சொல்லிட்டா.

இப்ப உங்க முறை. ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு என்ன பதில் வெச்சிருக்கீங்க? எனக்குச் சொல்ல வேண்டாம். ஒரு லீவு நாளாப் பார்த்து அப்பாவையோ அம்மாவையோ உங்க காலேஜுக்குக் கூட்டிட்டுப் போங்க. கேட் வரைக்கும் இல்ல, கிளாஸ் ரூம் வரைக்கும். உங்க பெஞ்சுல ஒரு அஞ்சு நிமிஷம் உட்கார வைங்க. வரும்போது மறக்காம ஒரு டீயும் வாங்கிக் குடுங்க!