தம்பானூரும் ஒரு ஸ்டிக்கரும்

போன மாசம் அக்கா மகன் மஸ்கட்டுக்கு வேலைக்கு வந்து சேர்ந்தான். ஏர்போர்ட்டில் இருந்து வீட்டுக்கு வரும் வழியில் சும்மா கேட்டு வைத்தேன்.

"சர்டிபிகேட் அட்டெஸ்டேஷனுக்கு ரொம்ப அலைஞ்சியாடே?"

"இல்ல மாமா. தம்பானூர்ல எறங்கி நடந்தே போயி குடுத்துட்டு வந்தேன்."

எனக்கு வண்டியை ஓரமா நிறுத்திட்டு அழணும் போல இருந்தது. காரணம் இருக்கு, சொல்றேன்.

2004-ல் எனக்கு இங்கே வேலை கிடைத்தது. அப்போதெல்லாம் ஓமனுக்கு வர ஒரு டிகிரி சர்டிபிகேட் பண்ண வேண்டிய பயணம் நாம பண்றதை விடப் பெரிசு. முதல்ல மாநில அரசு முத்திரை. பிறகு டில்லியில் வெளியுறவு அமைச்சகம். பிறகு அங்கேயே ஓமன் தூதரகம். இதில் இன்னொரு கூத்து. நான் நாகர்கோவில்காரன், படிச்சது திருவனந்தபுரத்தில். டிகிரிக்கு கேரளா முத்திரை போடணும், ப்ளஸ் டூவுக்கு சென்னை. களியக்காவிளை தாண்டினால் வேற ராஜ்ஜியம் :-)

டில்லிக்கு யார் போவது? தம்பானூர் பக்கம் ஒரு லாட்ஜ் மாடியில் ஏஜெண்ட் ஒருத்தர் இருந்தார். ஒரிஜினல் டிகிரியையும் பணத்தையும் அவர் கையில் கொடுத்தேன். பணம், அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தது. ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் கிறுக்கிக் கொடுத்தார். பன்னிரண்டு நாளில் வரும் என்றார்.

பதினைந்தாம் நாள் போன் எடுக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் போனால் ரூமில் பூட்டு. பஸ் ஸ்டாண்ட் எதிரே இருக்கிற இந்தியன் காபி ஹவுஸில், லாரி பேக்கர் கட்டினாரே அந்த வட்டக் கட்டடம், அதில் ஒரு காபியை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். விசா தேதி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாள் இப்படி. நாலாம் நாள் அவரே வந்து, கூரியரில் மாட்டிக்கிச்சு என்று சாதாரணமாகச் சொல்லி சர்டிபிகேட்டை நீட்டினார். ஒரு மூலையில் தண்ணீர்க் கறை. இன்றைக்கும் இருக்கிறது.

இப்போ மருமகன் கதைக்கு வருவோம். ஆன்லைனில் நோர்காவில் பதிந்திருக்கிறான். கேரள அரசு வெளிநாட்டு மலையாளிகளுக்காக 2002-ல் தொடங்கிய நோர்கா ரூட்ஸ்தான். தலைமை அலுவலகம் தைக்காட்டில், தம்பானூரில் இருந்து நடக்கிற தூரம். சொன்ன தேதிக்கு ஒரிஜினலோடு போனான், மாநில முத்திரை ஆச்சு. அங்கேயே அப்போஸ்டிலுக்கும் கொடுத்தான். சில நாளில் திரும்பி வந்தது, பின்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கரோடு.

அந்த ஸ்டிக்கர்தான் விஷயமே. 1961-ல் ஹேக் நகரில் போட்ட ஒப்பந்தம். இதில் சேர்ந்த நாடுகள் ஒன்றுக்கொன்று தூதரக முத்திரை கேட்காது, இந்த ஒரு அத்தாட்சி போதும். இந்தியா 2005-ல் வந்தது (எனக்கு ஒரு வருஷம் லேட்!). ஓமன் 2012, சிங்கப்பூர் 2021, சவூதி 2022, கனடா 2024. ஸ்டிக்கரில் ஒரு நம்பர் இருக்கும். இங்கே அவன் கம்பெனி எச்.ஆர். அந்த நம்பரை இந்திய அரசு தளத்தில் தட்டிப் பார்த்தார். இரண்டு நிமிஷம். நான் காபி ஹவுஸில் மூன்று நாள் காத்துக் கிடந்த நம்பிக்கையை அந்த நம்பர் கொண்டுவந்து கொடுத்துவிட்டது.

2017-ல் இ-சனத் என்று ஒன்றும் ஆரம்பித்தார்கள். சர்டிபிகேட் கொடுத்த போர்டோ பல்கலைக்கழகமோ தன் பதிவை கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தால், அதை வைத்தே சரிபார்ப்பது. முதலில் வந்தது சி.பி.எஸ்.இ. ஆக, கொடுத்தவர் ஏற்றியிருக்க வேண்டும், கேட்பவர் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மறுபடி காகிதம்தான். இரண்டும் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு உதாரணம்: பின்லாந்து டாக்டர் கம்ப்யூட்டரில் எழுதும் சீட்டுக்கு 2019 ஜனவரி முதல் எஸ்தோனியா மருந்துக்கடையில் மருந்து வாங்கலாம்.

ரொம்பப் புகழாதே என்கிறீர்களா? சரி, மறுபக்கமும் சொல்கிறேன். காகிதம் எல்லை தாண்டிவிட்டது, ஆள் தாண்டவில்லை.

2022-ல் என் டிஜிலாக்கரைத் திறக்கப் பார்த்தேன். ஓடிபி வரவே இல்லை. ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்ய மறந்து பல மாசம் ஆகியிருந்தது, நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அந்த நம்பருக்கே போன் பண்ணினேன். ஒரு அம்மா எடுத்தார். "ஆமா தம்பி, அப்பப்ப ஏதோ நம்பர் நம்பரா வருது. நான் பாக்கறதில்ல" என்றார். நல்ல மனுஷி. ஆதாரில் ஓமன் நம்பரைப் போடலாமா என்று பார்த்தால் இந்திய நம்பர்தான் வேண்டுமாம். மாற்ற நேரில்தான் வரணுமாம். கட்டைவிரல் வைக்க டிக்கெட் போட்டு திருவனந்தபுரத்தில் இறங்கி, தம்பானூரில் பஸ் பிடித்து நாகர்கோவில் போனேன். உலகத்திலேயே அதிகச் செலவான கைநாட்டு என்னுடையதுதான்.

அதனால் வெளியூரில் இருக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் இரண்டே வார்த்தை. ஊர் நம்பரைச் சாக விடாதீர்கள், குறைந்த ரீசார்ஜாவது போட்டு உயிரோடு வையுங்கள். லீவில் போகும்போது மாமியார் வீட்டு விருந்துக்கு முன்னால் ஆதார் சென்டருக்கு ஒரு நடை போய், எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

மருமகன் வந்து சேர்ந்த அன்று ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டோம். சாப்பிட்டானா என்றுகூட முதலில் கேட்கவில்லை.

"மக்களே, ஒரிஜினல் ஒங்கிட்டதான இருக்கு?"

எடுத்து கேமராவில் காட்டினான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு மூலை விடாமல் பார்த்தாள்.