வாசலுக்கு வந்த விருந்தாளி

விருந்தினரைப் போற்றுவது நம் பண்பு என்று படிக்கிறோம். விருந்தாளி மயிலாக இருந்தால்? சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் எனக்கு அந்த வாய்ப்புக் கிட்டியது.

தாராபுரம் பக்கம் என் அம்மிச்சியின் தோட்டத்தில் விடியற்காலையில் மயில் அகவும் ஓசைதான் என்னை எழுப்பும். ஒருநாள் பெண்மயில் ஒன்று வாசல்வரை வந்தது. ஒரு பிடி கம்பை இறைத்தேன். மறுநாள் இரண்டு வந்தன. பிறகு நீண்ட தோகையுடன் ஓர் ஆண்மயிலும் வந்தது. விடுமுறை முடிவதற்குள் பதினொரு மயில்கள்! கோழிக்கும் மயிலுக்கும் ஒரே குடும்பம் என்று வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. கோழிகளைப் போலவே அவையும் என் காலடியில் பொறுக்கித் தின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆடி மாதம் மீண்டும் சென்றேன். பக்கத்துத் தோட்டத்து மாமா நிலக்கடலை விதைத்திருந்தார். எங்கள் வாசலில் கம்பு தின்ற மயில்கள் வேலி தாண்டிச் சென்று, அவர் விதைத்த பருப்பைக் கிளறித் தின்றிருந்தன. முருகனின் வாகனத்தைக் கல்லால் அடிக்க அவருக்கு மனமில்லை. 1963-இல் தேசியப் பறவையான மயிலுக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காவல் நிற்கிறது. பாவம், வெயிலில் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே நின்றார்.

"அம்மிணி, உனக்கு அது விருந்தாளி. எனக்கு அது விதைக்கடலை போற வழி" என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

அன்றே அம்மிச்சி கம்புப் பானையை மூடிவிட்டார்கள். "பசிச்சா அது எரை தேடிக்கும் கண்ணு. நாம போட்டது அதோட பசிக்கில்ல, நம்ம ஆசைக்கு" என்றார்கள். விதையும் புழு பூச்சியும் ஓணானும் தேடித் தின்னத் தெரிந்த பறவை அல்லவா அது! சில இடங்களில் தானியத்தில் நஞ்சு கலந்து வைப்பார்களாம். மனிதர் போடுவதை நம்பிப் பழகிய மயிலுக்கு எந்தக் கை அன்புக் கை, எந்தக் கை நஞ்சுக் கை என்று எப்படித் தெரியும்? அந்த நம்பிக்கையை ஊட்டியவள் நான்தானே!

மூன்று நாள் மயில்கள் வந்து வெறும் வாசலைப் பார்த்து நின்றன. கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். நான்காம் நாள் அவை வரவில்லை.

இப்போது வேப்பமரத்தடியில் ஒரு தொட்டித் தண்ணீர் மட்டும் வைக்கிறோம். கோடையில் எல்லாப் பறவைகளும் வந்து குடித்துவிட்டுத் தம் வழியே போகின்றன. பறவைகளைச் சகோதரிகள் என்று அழைத்த அசிசியின் புனித பிரான்சிஸ் அவற்றைக் கூண்டில் அடைக்கவில்லை. நான் போட்ட கம்பும் ஒருவகைக் கூண்டுதான் என்பதை, தோழியரே, தாமதமாகத்தான் உணர்ந்தேன்.