வில்வண்டியே தேவலன்னு ஆச்சி சொன்ன ஃபியட்!

நிறுத்தி வைத்திருக்கும் காரின் பின்பக்க மூலையில் இரண்டு கைகளையும் ஊன்றுங்கள். உடம்பு எடையைப் போட்டு ஓர் அழுத்து அழுத்திவிட்டு, சட்டென்று கையை எடுத்துவிடுங்கள். வண்டி ஒருமுறை எழும்பி அமைதியாக உட்கார்ந்தால் நல்லது. தூளியை ஆட்டிவிட்டதுபோல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால், ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டு ஃபியட் ஆறு முறை ஆடியது. எண்ணிச் சொன்னது பக்கத்து வீட்டுப் பையன்.

ஃபியட் என்பது நாங்கள் சொல்வது. ஆர்.சி. புத்தகத்தில் அதன் பெயர் பிரீமியர் பத்மினி, 1986 மாடல். பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் மும்பை குர்லாவில் 1964-ல் ‘ஃபியட் 1100 டிலைட்’ என்று தயாரிக்கத் தொடங்கிய கார், 1974-ல் பத்மினி ஆனது. சித்தூர் ராணி பத்மினியின் பெயர். எங்கள் ஆச்சியோ, அது ‘தில்லானா மோகனாம்பாள்’ பத்மினிதான் என்று இன்றுவரை நம்புகிறாள். திருத்த யாருக்கும் மனசு வரவில்லை.

தாத்தா வாங்கிய வண்டி. அவர் போன பிறகு அதற்கு நிரந்தர வேலை ஒன்றுதான். அமாவாசைதோறும் ஆச்சியைப் பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசத்துக்குக் கூட்டிப்போவது. பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று சுமார் 50 கிலோமீட்டர். தாமிரபரணியில் ஒரு முழுக்கு, பாபநாசநாதர் கோயிலில் ஒரு விளக்கு, திரும்பி வரும்போது ஒரு தூக்கம்.

போன வருடம் ஆச்சிக்கு எலும்பு அடர்த்தி பரிசோதனை செய்தார்கள். ‘முதுகெலும்பு ரொம்ப பலவீனமாக இருக்கிறது, குலுங்கும் பயணம் வேண்டாம்’ என்றார் டாக்டர். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய பள்ளமே முதுகெலும்பில் விரிசல் விடப் போதுமாம். பின்சீட் கிட்டத்தட்ட பின் அச்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், சக்கரம் வாங்கும் அடியெல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத்தான். இரண்டு அமாவாசைக்கு ஆச்சி போகவில்லை. வாடகை கார் பேசலாம் என்றால், “அவுக வாங்குன வண்டி வாசல்ல நிக்கும்போது அடுத்தவன் வண்டியில நான் எதுக்கு ஏறணும்?” என்றாள். அப்பா பழைய இரும்புக்காரரிடம் விலை பேச ஆரம்பித்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஆச்சி அந்த வார்த்தையைச் சொன்னாள். “எங்கய்யா வீட்டு வில்வண்டியே இதுக்குத் தேவல ஏட்டி.”

சிரித்துவிட்டோம். ஆனால், யோசித்தால் அது சரியான ஒப்பீடு. வில்வண்டியின் வில்லும் ஃபியட்டின் பின்பக்க ஸ்பிரிங்கும் ஒரே ஜாதி. இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வளைத்துக் கட்டியது. மாட்டு வண்டியின் மெதுவான வேகத்துக்கு, அந்தப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தை ஓரளவு அடக்கிவிடும். காரின் வேகத்துக்கு அது போதாது. வில் என்றால் எடையைத் தாங்கும், வளையும், திரும்ப எழும்பும். எழும்பியதை நிறுத்துவது அதன் வேலை இல்லை. அதற்குத்தான் ஷாக் அப்சார்பர். உள்ளே ஒரு பிஸ்டன், சுற்றிலும் ஆயில். சக்கரம் ஏறி இறங்கும்போது, பிஸ்டனில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக ஆயில் முக்கித் திணறிப் போக வேண்டும். அந்தத் திணறலில் ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிக் கரைந்துவிடும். பெயரைப் பார்த்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் சாதனம் என்று நினைக்கிறோம். அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். இது ஆட்டத்தை அடக்குவது.

இதை எனக்குப் புரிய வைத்தவர் மேலப்பாளையம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. காரைச் சேரன்மகாதேவி வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார். கீழே குனிந்து, சைலன்சர் பக்கம் படாமல், இரண்டு பின் ஷாக்கையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஜில்லென்று இருந்தன.

“வேல செஞ்சிருந்தா சுட்டிருக்கும்லா? இது ரெண்டும் சும்மா தொங்கிட்டு வருது. ஸ்பிரிங்கு நல்லாத்தான் இருக்கு பாப்பா, அதப் பிடிச்சு நிறுத்தத்தான் ஆளு இல்ல.”

இதற்கு முன்னால் வேறொரு பட்டறையில், “பட்டை ஒண்ணு கூடுதலா ஏத்திருவோம்” என்று சொல்லியிருந்தார்கள். ஏற்றியிருந்தால் வண்டி இன்னும் விறைத்திருக்கும், ஆட்டம் நின்றிருக்காது, ஆச்சியின் முதுகுக்கு அடி கூடியிருக்கும். நம் ஊரில் பழைய வண்டிக்கு எந்த நோய் வந்தாலும் இதே வைத்தியத்தைச் சொல்கிறார்கள் என்பது என் வருத்தம்.

குலுக்கல் மட்டுமே பிரச்னை இல்லை. ஷாக் போன வண்டியில் சக்கரம் ரோட்டை விட்டு விட்டுத் துள்ளும். துள்ளும் நேரத்தில் பிரேக் பிடித்தால் பிடிமானம் இருக்காது. எங்கள் பின் டயர்களில் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்ததற்கும் அதுதான் காரணம்.

பத்மினி தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸிக்கே 2023 அக்டோபரில் விடை கொடுத்துவிட்டார்கள். உதிரிபாகம் கிடைக்குமா என்று பயந்தேன். ஒரு கடையில் ஏதோ வேன் ஷாக்கை எடுத்து நீட்டி, ‘இதுவும் சேரும்’ என்றார்கள். அண்ணாச்சி டேப்பை எடுத்து அளந்தார். முழுக்க நீட்டினால் எவ்வளவு, முழுக்க அமுக்கினால் எவ்வளவு, புஷ் துளை எவ்வளவு. மூன்றில் ஒன்று சேரவில்லை. கனமான வண்டிக்குச் செய்ததைப் போட்டால் லேசான வண்டி கட்டை வண்டியாகிவிடும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்து நாள் கழித்துச் சரியான ஜோடி கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்தது. விலை, இரண்டும் சேர்த்து ஒரு புது டயர் விலைகூட இல்லை.

மாற்றும் வேலை சாயங்காலத்துக்குள் முடிந்தது. துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின இரவே டீசல் ஊற்றி ஊற வைத்திருந்தார். அப்படியும் ஒன்று அசையாமல், ஹேக்ஸா பிளேடால் அறுக்க வேண்டியதாயிற்று. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கடியில் படுக்கக் கூடாது என்பதில் கண்டிப்பானவர். இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து, அச்சுக்கும் முட்டு வைத்த பிறகுதான் உள்ளே போனார்.

கழற்றிய பழசை என் கையில் கொடுத்தார். ஒரு விரலால் அமுக்கினேன், உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டது. வெளியே ஆயில் கசிந்து புழுதியோடு பிசுக்காகியிருந்தது. புதுசை அமுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது, இழுக்க அதைவிட பலம் வேண்டியிருந்தது. வில் திரும்ப எழும்பும் வேகத்தைத்தான் அதிகம் அடக்க வேண்டும் என்பதால் அப்படியே செய்வார்களாம். மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை நீட்டி அமுக்கி, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றினார். ரப்பர் புஷ் இருக்கும் நட்டுகளைக் கடைசி முறுக்கு முறுக்கியது, கார் தரையில் இறங்கிய பிறகு. தூக்கியிருக்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதாதா என்று அப்பா கேட்டதற்கு, “ஒத்தக் கால்ல புதுச் செருப்பு போட்டுட்டு நடந்து பாருங்க அண்ணாச்சி” என்று பதில் வந்தது.

டாக்டரிடம் மறுபடி கேட்டோம். இடுப்புப் பட்டை போட்டுக்கொண்டு, மெதுவாக, நடுவில் இறங்கி நடந்து போவதானால் சரி என்றார். அடுத்த அமாவாசைக்குப் புறப்பட்டோம். அப்பா நாற்பதைத் தாண்டவில்லை. பள்ளம் வந்தது, வண்டி ஒருமுறை இறங்கி ஏறி அமைதியானது. வீரவநல்லூர் தாண்டியதும் ஆச்சி தூங்கிவிட்டாள். பாபநாசத்தில் இறங்கியதும் நான் முதலில் செய்த காரியம், குனிந்து ஷாக்கைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

இரும்புக்காரர் இன்னும் போன் செய்கிறார். அப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. இந்த 2026-ல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ல் 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட் உத்தரவுப்படி, 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 10,000. வின்டேஜ் என்று பதியலாமே என்கிறார்கள் நண்பர்கள். அதற்கு 50 வயது ஆக வேண்டும், எங்கள் வண்டிக்கு 2036-ல்தான் ஆகும். ஆனாலும், வின்டேஜ் வண்டியைத் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது என்பது 2021-ல் வந்த விதி. கண்காட்சிக்குப் போகலாம், பாபநாசத்துக்கு ஆச்சியைக் கூட்டிப்போக முடியாது.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோகும் முன் ஹேண்ட் பிரேக்கையும் ஹாரனையும் சரிபார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி.